கடின நீரும் கரப்பானும்

2008ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஒரு மாலை. லண்டனுக்கு வடக்கே நாங்கள் அப்போது குடியிருந்த சிற்றூரில், எங்கள் சமையலறை மேசைமேல் ஒரு விற்பனையாளர் இரண்டு கண்ணாடிக் குப்பிகளை வைத்தார். ஒன்றில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர். மற்றொன்றில் அவர் கொண்டுவந்திருந்த தண்ணீர். இரண்டிலும் சொட்டுகளை எண்ணிச் சோப்புக் கரைசலை விட்டு, மூடிக் குலுக்கினார். அவருடைய குப்பியில் கழுத்துவரை நுரை எழுந்து நின்றது. எங்களுடையதில் கொஞ்சம் நுரைத்து அடங்கியபின், திரிந்த பாலைப்போல வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. "இதில்தான் உங்கள் குழந்தையைக் குளிப்பாட்டுகிறீர்கள்" என்றார் அவர்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் தோல் சிவந்து, தடித்து, வெடித்திருந்தது. இரவில் உறக்கத்திலேயே சொறிந்துகொள்வாள். கைகளுக்குப் பருத்திக் காலுறைகளை மாட்டித் தூங்கவைப்போம். காலையில் ஒரு காலுறையாவது கழன்று கிடக்கும், தலையணை உறையில் ரத்தப் புள்ளிகள் இருக்கும். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லியிருந்தார்: "அந்த ஊர்த் தண்ணி குழந்தைக்கு ஒத்துக்கலடா." ஆக, என் அம்மாவுக்கும் அந்த விற்பனையாளருக்கும் இவ்விஷயத்தில் கருத்து வேறுபாடு இல்லை. நான்தான் இடையில் நின்றுகொண்டிருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். அந்த யோசனை பல ஆண்டுகள் நீண்டு, நூலகம் நூலகமாக என்னை இழுத்துச் சென்றது. சோப்பு நுரைப்பதற்கும் தோல் ஆறுவதற்கும் என்ன தொடர்பு என்பதே என் கேள்வி. அந்தக் குப்பிச் சோதனை முதலாவதை நிரூபித்தது. இரண்டாவதை அது தொடவே இல்லை.

(நம் வைத்திய மரபில் இந்நோய்க்குக் கரப்பான் என்று பெயர். இன்றைய வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது சமையலறைப் பூச்சியாக இருக்கலாம். வேறு நல்ல சொல் இல்லை. ஆங்கில மருத்துவம் சொல்லும் 'எக்ஸிமா' என்பதும், கொதித்துப் பொங்குவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.)

தண்ணீரில் கடினமானது, மென்மையானது என்ற பாகுபாடு மிகப் பழையது. ஹிப்போக்ரட்டஸின் பெயரால் வழங்கும், காற்றுகளையும் நீர்களையும் இடங்களையும் பற்றிய நூலிலேயே பாறை ஊற்றுகளின் கடின நீர் பேசப்படுகிறது. ஆனால் கடின நீர் தோலுக்கு எதிரி என்ற எண்ணம் அவ்வளவு பழையதன்று. இங்கிலாந்தின் பழங்கதை இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. பிளாடுட் என்ற இளவரசனுக்குத் தோல்நோய் கண்டு, அரண்மனையிலிருந்து விலக்கப்பட்டுப் பன்றி மேய்க்கிறான். பன்றிகளுக்கும் நோய் தொற்றுகிறது. அவை ஒரு வெந்நீர் ஊற்றின் சேற்றில் புரண்டு குணமாவதைக் கண்டு தானும் புரள்கிறான், குணமடைகிறான், அரசனாகி அங்கே பாத் நகரத்தை நிறுவுகிறான். பிளாடுட் அந்நகரை அமைத்ததாக 12ஆம் நூற்றாண்டில் மான்மத்தின் ஜெஃப்ரி எழுதிவைத்தார். பன்றிகள் பிற்காலத்தில் கதைக்குள் நுழைந்தவை. அந்த ஊற்று நீரில் கால்சியமும் சல்ஃபேட்டும் மிகுதி. இன்றைய அளவுகோலில் அது கடின நீரிலும் கடின நீர்.

கதையை நம்பி மருத்துவமனையே எழுந்தது. 1738இல் நிறுவப்பட்டு 1742இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கிய பாத் நகரப் பொதுமருத்துவமனையில், முடக்குவாதக்காரர்களோடு 'தொழுநோயாளிகள்' என்று பெயரிடப்பட்டவர்களும் சேர்க்கப்பட்டனர். அந்தப் பெயருக்குள் அன்று செதில் உதிரும் பலவகைத் தோல்நோய்கள் அடங்கியிருந்தன. அம்மருத்துவமனையின் மருத்துவர் ஆலிவரும் அறுவை மருத்துவர் பியர்ஸும் நோயாளிகளைச் சோதிக்கும் காட்சியை வில்லியம் ஹோர் 1761இல் ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். அதில் ஒரு சிறுவன் தன் தோலைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். தன் உடம்பைப் பெரியவர்கள் உற்றுப் பார்க்கும்போது குழந்தைகள் நிற்கும் விதத்தை நான் பல மருத்துவர் அறைகளில் பார்த்திருக்கிறேன். 18ஆம் நூற்றாண்டிலும் அப்படியே நின்றிருக்கிறார்கள்.

இலக்கிய வாசகர்கள் இங்கே ஸ்மாலெட்டை நினைவுகூரலாம். நாவலாசிரியராக அறியப்படும் டோபியாஸ் ஸ்மாலெட் அறுவை மருத்துவராகப் பயின்றவர். நீரை வெளிப்பூச்சாகப் பயன்படுத்துவது பற்றி 1752இல் ஒரு சிறுநூல் எழுதினார். பாத் நகர நீரின் பலன்களில் பெரும்பகுதி சாதாரண நீருக்கும் உண்டு என்பது அதன் சாரம். குணப்படுத்துவது கனிமமா, வெறும் குளியலா என்ற கேள்வியை அவர் எழுப்பியது அந்நகரின் வணிகத்துக்கு உவப்பாக இருந்திருக்காது. 1771இல் வெளிவந்த 'ஹம்ஃப்ரி கிளிங்கர்' நாவலில் அவருடைய சிடுசிடுப்பான மாத்யூ பிராம்பிள், பொதுக்குளத்தில் புண்கள் நிறைந்த ஒரு குழந்தையைக் கண்டு அருவருத்து, தான் எதில் குளிக்கிறோம் என்றே நடுங்குகிறார். மருத்துவரின் ஐயம் நாவலில் குமட்டலாக மாறியிருக்கிறது.

பாத் நகரில் மக்கள் அந்த நீரில் ஊறினார்கள். சோப்புத் தேய்த்துக் குளிக்க அங்கே போகவில்லை. இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

கடின நீர் குற்றவாளிக் கூண்டில் ஏறியது 19ஆம் நூற்றாண்டில், அதுவும் சோப்புத் திருடிய குற்றத்துக்காக. சோப்பு என்பது கொழுப்பமிலத்தின் உப்பு. நீரில் கால்சியமோ மக்னீசியமோ இருந்தால் சோப்பு முதலில் அவற்றோடு சேர்ந்து கரையாத படிவாகத் திரிகிறது. அவை தீர்ந்தபிறகே நுரை. எனவே ஒரு நீர் எவ்வளவு சோப்பை விழுங்குகிறது என்பதே அதன் கடினத்தின் அளவு. இதை முறைப்படுத்தியவர் அபர்டீனின் மாரிஷல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராயிருந்த தாமஸ் கிளார்க். அளந்த நீரில் சோப்புக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டுக் குலுக்கி, நுரை ஐந்து நிமிடம் கலையாமல் நிற்கும்வரை செலவான சோப்பைக் கணக்கிட்டார். ஒரு காலன் நீரில் ஒரு குன்றிமணி எடையளவு சுண்ணாம்புக்கல் இருந்தால் ஒரு 'கிளார்க் பாகை'. (குன்றிமணி என்று நான் சொல்வது அவர்களுடைய 'கிரெய்ன்', அது குன்றிமணியின் எடையில் ஏறத்தாழப் பாதிதான்.) இன்றைய கணக்கில் லிட்டருக்கு 14.3 மில்லிகிராம். என் சமையலறையில் விற்பனையாளர் நிகழ்த்திக் காட்டியது, நூற்றறுபது ஆண்டு வயதான இதே சோதனைதான்.

கிளார்க் அளந்ததோடு நிற்கவில்லை. கடினத்தைக் குறைக்கும் வழியொன்றுக்கு 1841இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். சுண்ணாம்பு கரைந்த நீரில் இன்னும் கொஞ்சம் நீற்றுச் சுண்ணாம்பைக் கலப்பது அவர் முறை. இரண்டும் சேர்ந்து வண்டலாகக் கீழே படிந்துவிடும். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நாம் சொல்வதை அவர் வேதியியலில் செய்துகாட்டினார்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இச்சோதனை புதிதன்று என்பதையும் சொல்லவேண்டும். பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர், தலையைச் சிக்காக்கும் தண்ணீர் என்று உப்புத் தண்ணீரை அவர்கள் அன்றாடம் இனங்காண்கிறார்கள். நல்ல தண்ணீர்க் குடம் வேறு, உப்புத் தண்ணீர்க் குடம் வேறு. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைப்பதன் காரணம், அவற்றில் நுரைப்பது சபோனின் என்ற வேறு வகைப் பொருள் என்பதே. கொழுப்பமிலத்தைப்போல அது சுண்ணாம்போடு சேர்ந்து திரிவதில்லை. கிளார்க் தன் குப்பியில் சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டைச் சாற்றை ஊற்றியிருந்தால் அவருடைய பாகைகளே பிறந்திருக்காது. அதாவது, கடினம் என்று நாம் அழைப்பது நீரின் குணம் மட்டுமன்று. நீருக்கும் சோப்புக்கும் இடையிலான ஓர் உறவு அது. எனக்கு இது விளங்கவே வெகுகாலம் பிடித்தது.

லண்டன் சுண்ணாம்புப் பாறைமேல் அமர்ந்த நகரம். 1850இல் பொதுச் சுகாதார வாரியம், எட்வின் சாட்விக் முன்னின்று, தலைநகரின் நீர்வழங்கல் குறித்து அறிக்கை வெளியிட்டது. தேம்ஸ் நீரைக் கைவிட்டு, சர்ரேயின் மணற்பாங்கான நிலங்களிலிருந்து மென்மையான நீரைக் கொண்டுவரவேண்டும் என்பது அதன் பரிந்துரை. வாதத்தின் முதுகெலும்பு சோப்புச் செலவும் தேயிலைச் செலவும். அக்காலத்தில் சோப்புக்கு வரி இருந்தது. கிளாட்ஸ்டன் அதை நீக்கியது 1853இல். சலவைக்கு வாங்கும் சோப்பில் ஒரு பங்கைத் தண்ணீரே தின்றுவிடுவது ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய விஷயமன்று. எனினும் பரிந்துரை நிறைவேறவில்லை. 1852ஆம் ஆண்டுச் சட்டம் நீர் நிறுவனங்களைத் தேம்ஸின் மேற்பகுதிக்கு, டெடிங்டனுக்கு மேலே, போகச் சொன்னது. சாக்கடை விலகியது, சுண்ணாம்பு தங்கியது. காலரா காலத்தில் அந்தத் தேர்வைக் குறைசொல்ல இயலாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரமோ மலையேரியான காட்ரினிலிருந்து நீரைக் கொண்டுவந்தது. 1859 அக்டோபரில் விக்டோரியா அரசி அதைத் திறந்துவைத்தார். பிரிட்டனின் மிக மென்மையான குழாய்நீர்களுள் ஒன்று அது. இந்த இரு முடிவுகளின் விளைவை இன்றும் இரு நகரங்களின் கெட்டில்களுக்குள் எட்டிப் பார்த்து அறியலாம்.

இவ்விவாதங்களில் தோல் எங்கே இருந்தது? கைகளில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தோல்நோய் நூல்களில் 'சலவைக்காரியின் அரிப்பு', 'மளிகைக்காரரின் அரிப்பு', 'கொத்தனாரின் அரிப்பு' என்று தொழிலின் பெயரால் நோய்கள் வரிசையாக வருகின்றன. சலவைப் பெண்கள் நாள் முழுதும் வெந்நீரிலும் சோப்பிலும் கை நனைத்தவர்கள். கடின நீரை வழிக்குக் கொண்டுவரச் சலவைச் சோடாவையும் அள்ளிப்போட்டார்கள். கையை வெடிக்கச் செய்தது நீரா, சோப்பா, சோடாவா, ஓயாத ஈரமா? யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. இன்று நினைத்தால் கேள்வி முழுவதும் அந்தத் தொட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஆனால் அவர்களுடைய கைகளைக் காட்டிலும் அவர்கள் செலவழித்த சோப்பை எண்ணுவது எளிதாக இருந்தது.

வீட்டு நீரை மென்மையாக்கும் கருவி வேறொரு வழியில் வந்தது. யார்க்‌ஷயர் நிலக்கிழார் தாம்ப்சன் என்பவரும் வேளாண் வேதியியலாளர் வே என்பவரும், மண் தன்வழியே ஓடும் உர உப்புகளிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிடுகிறது என்பதை 1850இல் வெளியிட்டனர். அதே பண்டமாற்றைப் பயன்படுத்தி, கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும் செயற்கைக் கனிமத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான ராபர்ட் கான்ஸ் உருவாக்கினார். கனிமம் களைத்துப்போனால் சமையல் உப்புக் கரைசலை ஊற்றிப் புதுப்பிக்கலாம். கொதிகலன்களையும் சலவை ஆலைகளையும் காக்கப் பிறந்த இக்கருவி பின்னர் வீட்டுக்குள் நுழைந்தது. 1933இல் டிரெஃப்ட், 1946இல் டைட் எனக் கடின நீரிலும் நுரைக்கும் செயற்கைச் சலவைத்தூள்கள் வந்தபோது கருவியின் பழைய வாதம், சோப்பு மிச்சம், பலமிழந்தது. புதிய வாதம் தேவைப்பட்டது என்று நான் ஊகிக்கிறேன். என் வீட்டுக்கு வந்தவர் சோப்பின் விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

இனி, 1998. நாட்டிங்ஹாம் பகுதியில் ஏறத்தாழ ஏழாயிரத்து ஐந்நூறு பள்ளிப் பிள்ளைகளின் தோலையும் அவர்கள் வீட்டு நீரின் கடினத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 'லான்செட்' இதழில் வெளிவந்தது. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளில், மிகக் கடினமான நீர்ப்பகுதியில் ஓராண்டுக்குள் கரப்பான் கண்டவர்கள் 17.3 விழுக்காடு. மிகக் குறைந்த கடினமுள்ள பகுதியில் 12.0 விழுக்காடு. மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் இவ்வேறுபாடு தெளிவாக இல்லை. 2004இல் ஜப்பானிலிருந்தும் 2007இல் ஸ்பெயினிலிருந்தும் இதை ஒத்த முடிவுகள் வந்தன. அம்மா சொன்னது சரிதான் என்று தோன்றும். ஆயினும் கடின நீர்ப் பகுதியில் நோய் மிகுதி என்பதிலிருந்து, நீரை மாற்றினால் நோய் தணியும் என்பது பிறக்காது.

இதை உண்மையாகவே சோதிக்க நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஹைவெல் வில்லியம்ஸ், கிம் தாமஸ் முதலியோர் முன்வந்தனர். ஆறு மாதம் முதல் பதினாறு வயதுவரை, நடுத்தரமான அல்லது கடுமையான கரப்பான் உள்ள 336 குழந்தைகள். எல்லோர் வீட்டிலும் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் குறையாத கடினமுள்ள நீர். குலுக்கல் முறையில் பாதிப்பேரின் வீட்டில் கருவி பொருத்தப்பட்டது. மற்றவர்கள் வழக்கமான மருந்துகளோடு காத்திருந்தனர். பன்னிரண்டு வாரம். தோலை மதிப்பிட்ட செவிலியருக்கு எந்த வீட்டில் கருவி உள்ளது என்று தெரியாது. இரவில் குழந்தை சொறியும் அசைவைக்கூடக் கையில் கட்டிய மானியால் அளந்தார்கள். இந்த வரியைப் படித்தபோது எங்கள் வீட்டுக் காலுறைகள் நினைவுக்கு வந்து, சற்றுநேரம் மேலே படிக்க முடியவில்லை.

முடிவு 2011இல் வெளியாயிற்று. கருவி பெற்ற குழந்தைகளின் நோய்க்கடுமை சராசரியாக 20 விழுக்காடு குறைந்திருந்தது. கருவி பெறாதவர்களுக்கு 22 விழுக்காடு. இரவு அசைவுகளிலும் வேறுபாடு இல்லை. பெற்றோர் தாமே நிரப்பிய படிவங்களில் மட்டும் கருவிக்குச் சிறிய சாதகம் தெரிந்தது. அவர்களுக்கு வீட்டில் கருவி இருப்பது தெரியும் என்பதை ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டினர். ஆய்வு முடிந்தபின்னும் பல குடும்பங்கள் அக்கருவியை விலைகொடுத்து வைத்துக்கொண்டன. அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. குழந்தை ஓரிரவு நிம்மதியாகத் தூங்கிவிட்டால் அன்று வீட்டில் எது புதிதாக இருந்ததோ அதைப் பெற்றோர் விடமாட்டார்கள். அந்த 22 விழுக்காட்டைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எந்த விற்பனையாளரும் கருவி பொருத்தாத வீட்டுக்குப் போய், அங்கே குழந்தை எவ்வளவு தேறியது என்று கேட்பதில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எளிது. 2006இல் டண்டீயில் மக்லீன் குழுவினர், தோலின் மேலடுக்கைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாடு கரப்பானுக்கு வலுவான காரணி என்று காட்டியிருந்தனர். அதுவரை ஒவ்வாமை என்றே பார்க்கப்பட்ட நோயை, ஓட்டைவிழுந்த மதிலாகவும் பார்க்கும் பார்வை இதனால் வலுப்பெற்றது. 2016இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1303 மூன்று மாதக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, கடின நீர் உள்ள வீடுகளில் கரப்பான் அபாயம் 87 விழுக்காடு வரை கூடுதலாகத் தெரிந்தது. நீரிலுள்ள குளோரின் அளவைக் கணக்கிலெடுத்தும் தொடர்பு மறையவில்லை. 2018இல் ஷெஃபீல்டில் டான்பி குழுவினர் கரப்பான் உள்ளவர்கள், இல்லாதவர்கள், ஃபிலாக்ரின் குறைபாடு உள்ளவர்கள், இல்லாதவர்கள் எனப் பிரித்துக் கைகளைக் கழுவச் செய்தனர். கழுவியது சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற, குளியல் திரவங்களில் மலிந்த நுரைப்பொருளால். கடின நீரில் கழுவிய தோலில் அப்பொருள் கூடுதலாக ஒட்டிக்கொண்டு தங்கியது. தோலின் ஈரம் கூடுதலாகக் கசிந்தது, எரிச்சலும் மிகுந்தது. குறைபாடு உள்ள தோலில் பாதிப்பு அதிகம். மென்மையாக்கிய நீரில் இது குறைந்தது.

அதாவது கிளார்க்கின் குப்பியில் மிதந்த அதே திரிவு, தோலின்மேல். பாத் நகரில் சோப்பில்லாமல் ஊறியவர்களுக்குக் கடின நீர் ஏன் கெடுதி செய்ததாகப் பேச்சில்லை என்பதற்கும், சலவைப் பெண்களின் கைகள் ஏன் வெடித்தன என்பதற்கும் இதில் ஒரு பொது விளக்கம் கிடைப்பதாக எனக்குப் படுகிறது. 2011ஆம் ஆண்டு முடிவோடும் இது முரண்படவில்லை. மதில் கட்டப்படும் முதல் மாதங்களில் விழும் அடி வேறு, இடிந்த மதிலைப் பிறகு பன்னிரண்டு வாரத்தில் நிமிர்த்த முயல்வது வேறு. பிறந்த நாள்தொட்டு மென்மையான நீரில் குளிப்பாட்டினால் நோயைத் தடுக்கலாமா என்று லண்டன் ஆய்வாளர்கள் ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வை நடத்தினார்கள். தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அது பெரியதன்று.

நாங்கள் கருவி வாங்கவில்லை. அறிவால் எடுத்த முடிவு என்று பெருமைகொள்ள வழியில்லை, அந்த மாதம் பணம் இல்லை. பதிலாக எங்கள் மருத்துவர், பெரிய விளக்கமெதுவும் இன்றி, சோப்பையும் நுரைக் குளியலையும் நிறுத்தச் சொல்லி, வெள்ளைப் பாரஃபின் களிம்பை நாளுக்கு இருமுறை தாராளமாகத் தடவச் சொன்னார். சிவந்த இடங்களுக்கு மட்டும் சில நாட்கள் ஸ்டீராய்டு. அம்மா ஊரிலிருந்து அனுப்பிய பயத்தம் மாவுப் பொட்டலத்தைக் காட்டிக் கேட்டேன். உடைந்த தோலில் உணவுப் பொருளைத் தேய்த்தால் புதிய ஒவ்வாமை வந்து சேரலாம், வேண்டாம் என்றார். அம்மாவிடம் இதை நான் சொல்லவே இல்லை. குழந்தைக்கு மாவு ஒத்துக்கொண்டதா என்று அவர் கேட்டபோதெல்லாம் "ம்" என்றேன். ஏழு வயதுக்குள் மகளின் தோல் பெரும்பாலும் தேறிவிட்டது. பல குழந்தைகளுக்கு அது அப்படித்தான் தேறும், என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும்.

அவள் இப்போது கிளாஸ்கோவில் படிக்கிறாள். போன முதல் வாரம் கெட்டிலின் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பினாள். பளபளவென்றிருந்தது, ஒரு பொட்டு வெள்ளை இல்லை. டிசம்பரில் பேசும்போது, முழங்கை மறுபடி அரிக்கிறது, பெரிய டப்பாக் களிம்பாக ஒன்று வாங்கி அனுப்புங்கள் அப்பா என்றாள்.